மே மாதத்தில் இறங்கிய குளிர்: 2021இல் குமரி மாவட்ட வானிலை முன்னோட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

2021 மே 26 முற்பகலில் யாஸ் புயல் ஒடிசாவின் தாம்ராவுக்கு வடக்கே கரையைக் கடந்துகொண்டிருந்தது. குமரி மாவட்டத்திலிருந்து அந்த இடம் நேர்கோட்டில் சுமார் 1,800 கிலோமீட்டர். அதே நேரத்தில் இங்கே குழித்துறை ஆறு கரைபுரண்டது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியதாயிற்று. தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு டவ்தே புயல் லட்சத்தீவுப் பக்கம் உருவானபோது நமக்கும் அதற்கும் இடையே 600 கிலோமீட்டர் அளவுதான் தூரம். பக்கத்தில் நின்ற புயலுக்கு எல்லோரும் பயந்தார்கள். தூரத்துப் புயலை வடக்கே நடக்கும் சங்கதி என்று பலர் விட்டுவிட்டார்கள்.

இந்த ஆய்வு சொல்ல வருவது ஒன்றுதான். குமரி மாவட்டத்துக்கு முன்னோட்டம் எழுதுகிறவரும் அதைப் படிக்கிறவரும் புயலின் கண்ணைப் பார்க்கக் கூடாது. நம் மேல் எந்தத் திசைக் காற்று எவ்வளவு நாள் நிற்கப்போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த மே மாதத்தில் வெயிலைத் தள்ளிவிட்டுக் குளிரைக் கொண்டுவந்ததும், மழையைக் கொட்டியதும், கடலைக் கலக்கியதும் அந்தக் காற்றுதான்.

எந்தக் குளிர்?

வானிலைத் துறையின் கணக்கில் 'குளிர் நாள்' என்று அறிவிக்க, சமவெளியில் இரவு வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். குமரிக் கடற்கரையில் அதற்கு வழியே இல்லை. இங்கே மே மாதத்தில் குளிர் என்று மக்கள் சொல்வது பகல் வெப்பநிலையின் சரிவைத்தான். வழக்கமாக 32, 33 என்று நிற்க வேண்டிய பகல், மேகமும் மழையும் மூடிய நாட்களில் 27, 28லேயே முடங்கிவிடும். துறையின் வகைப்பாட்டில், இயல்பிலிருந்து 1.6 முதல் 3 டிகிரி வரை குறைந்தால் 'இயல்புக்குக் கீழே', 3.1 முதல் 5 வரை என்றால் 'குறிப்பிடத்தக்க அளவு கீழே', 5.1க்கு மேல் என்றால் அதைவிடவும் கடுமையான வகை. குமரி மாவட்டத்தின் மே குளிர் பெரும்பாலும் நடு வகையில் வந்து விழும்.

காரணம் எளிய கணக்கு. தெளிந்த மே நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு 20 மெகாஜூல் அளவில் சூரிய ஆற்றல் கிடைக்கும். தடித்த மேகம் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. தரைக்கு வந்து சேர்கிற மிச்சமும் மண்ணைச் சூடாக்காமல் ஈரத்தை உலர்த்தவே செலவாகிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அது ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வேண்டும். நாலைந்து மில்லிமீட்டர் உலர, தெளிந்த நாள் வெயிலிலேயே பாதி காலி.

இரவு நிலைமை வேறு. மேகம் தரையின் சூட்டை வெளியே விடாமல் போர்த்திக்கொள்ளும்; சுற்றியுள்ள கடல்நீர் 29, 30 டிகிரியில் கிடக்கும். அதனால் இரவு வெப்பநிலை பகலைப்போல் இறங்காது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று நான்கு டிகிரியாகச் சுருங்கும். குளிரில்லாத, ஆனால் எதுவுமே உலராத ஈரம். நெத்திலி காயவைக்கிறவர்களுக்கும் ரப்பர் ஷீட் உலர்த்துகிறவர்களுக்கும் இந்தச் சுருக்கம்தான் முக்கியச் செய்தி. முன்னோட்டத்தில் 'வெப்பநிலை 3 முதல் 5 டிகிரி குறையும்' என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். பகல் குறையும், இரவு அப்படியே நிற்கும், காற்றில் ஈரம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்று மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

பதிவேட்டில் ஒரு பொறி உண்டு. மழை முற்பகல் பத்து மணிக்குப் பிடித்தால், அதற்கு முன்பே வெப்பமானி 31ஐத் தொட்டிருக்கும். அன்றைய அதிகபட்சம் 31 என்றுதான் பதிவாகும். மக்களோ நாள் முழுக்க 26இல் நனைந்திருப்பார்கள். அதிகபட்சத்தை மட்டும் வைத்து ஒரு குளிர் நிகழ்வை அளந்தால் அதன் கனம் தெரியாது. பிற்பகல் 2:30 மணி அளவீட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாவட்டம் ஒன்று, வானிலை ஒன்றல்ல

கிழக்கு மேற்காக அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத மாவட்டம். 12 கிலோமீட்டர் கட்டங்களாகக் கணக்கிடும் கணினி மாதிரிக்கு அது ஐந்து கட்டம்தான். பேச்சிப்பாறையின் மலையும் கன்னியாகுமரி முனையின் மணலும் அந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். மாதிரி காட்டும் மழை எண்ணை அப்படியே எடுத்து மாவட்டம் முழுவதற்கும் பூசினால் மலையில் குறைவாகவும் முனையில் கூடுதலாகவும் சொல்லிவிடுவோம்.

விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் பக்கம் மலையடிவாரம். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேலே ஏறி மழையாகக் கொட்டும் இடம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் பொதுவாக மழை குறைவு. இதை 'மழை நிழல்' என்று ஒரே சொல்லில் அடைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. நிழல் என்பது காற்றின் திசையைப் பொறுத்தது. நேர் மேற்கிலிருந்து காற்று வந்தால், அது மாவட்டத்தைத் தாண்டி மழையை இறக்கிவிட்டுத்தான் அகஸ்தீஸ்வரத்தை அடையும். காற்று கொஞ்சம் தெற்கே சாய்ந்து தென்மேற்காகிவிட்டால், மணக்குடிக்கும் மயிலாடிக்கும் கடலிலிருந்து நேரே ஈரம் வந்து சேரும். இடையில் மலை ஏது? மலைத்தொடர் அதற்கு வடக்கே ஆரல்வாய்மொழியோடு நின்றுவிடுகிறது. மழைமேகத்தைத் தடுக்க மருந்துவாழ்மலை மட்டும் போதாது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் நம் காற்றுமானி. மேற்குக் காற்று வலுத்தால் முப்பந்தலின் காற்றாலைகள் விடிகாலையிலேயே முழு வேகத்தில் சுற்றும். மே மாதத்தில் பகலில் மட்டும் வீசி இரவில் அடங்க வேண்டிய காற்று இரவிலும் அடங்காமல் இரண்டு நாள் நின்றால், அது கடற்காற்று அல்ல; பெரிய ஓட்டம் இறங்கிவிட்டது என்று பொருள்.

மே 14 முதல் 16 வரை

மே 14 காலை லட்சத்தீவுப் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, மறுநாள் விடிவதற்குள் டவ்தே புயலானது. அது வடக்கே ஏறி, 17ஆம் தேதி இரவு குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையைக் கடந்தது. நம் பகுதியில் புயல் காற்று எதிர்க்கடிகாரச் சுற்றாகச் சுழலும். மையம் நமக்கு வடமேற்கே இருந்ததால் குமரிக்குக் கிடைத்தது தென்மேற்குக் காற்று. அது மேற்குச் சரிவில் மோதியது. மலைப்பகுதியிலும் மேற்குத் தாலுகாக்களிலும் மழை. தேங்காப்பட்டணம் முதல் குளச்சல் வரை தென்மேற்கைப் பார்த்துக் கிடக்கும் கரையில் கடல் சீறியது. மையம் வடக்கே போகப்போக நம் மேல் இருந்த பிடி தளர்ந்தது. படித்துப் புரிந்துகொள்ள எளிய நிகழ்வு இது.

கடலுக்குப் போனவர்களுக்கு எளியதாக இல்லை. கிழக்குக் கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு தடையும் குமரி மாவட்டத்துக்குள்ளேயே வந்து சந்திக்கின்றன. மே நடுவில் சின்னமுட்டத்தின் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் படகுகள் கடலில் இருக்கும். ஒரே மாவட்டம் என்று பொதுவாக 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று எழுதினால், கேட்க வேண்டியவர் காதில் அது விழுவதே இல்லை. அவர் ஏற்கெனவே கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கிறார்.

தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவை. படகு மணிக்கு 7, 8 கடல் மைல் ஓடும். அதாவது 13 முதல் 15 கிலோமீட்டர். 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கரை திரும்ப, வலை இழுத்து முடிக்கும் நேரம் போக, இருபது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். எதிர்க்காற்றென்றால் இன்னும் கூடும். 24 மணி நேர எச்சரிக்கை இவர்களுக்குப் பத்தாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி நம் முனையருகே புயலானபோது இந்த மாவட்டம் கொடுத்த விலை இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. வானிலைத் துறையின் புயல் முன்கண்காணிப்பு அறிவிப்பு 72 மணி நேரத்துக்கு முன் வரும் என்பது ஆழ்கடல் படகுகளுக்கு உயிர் காக்கும் இடைவெளி. டவ்தேயில் புயல் உருவாவதற்கு முன்பே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். அந்த முன்கூட்டிய சொல்லை நம் ஊர்ப் படகுகளுக்கு, எந்தத் திசையில் ஒதுங்குவது என்பதோடு, கடத்துவதுதான் மாவட்ட முன்னோட்டத்தின் வேலை. டவ்தேயின் பாதை வடக்கே போனதால் கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரத் துறைமுகங்களுக்கு ஒதுங்கியவர்களுக்கும் அடுத்தடுத்த நாட்களில் அதே புயல் வந்தது. ஒதுங்கும் துறைமுகத்தைச் சொல்லும்போது புயல் அங்கே எப்போது வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மே 24 முதல் 26 வரை

மே 22இல் கிழக்கு மத்திய வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 24இல் அது யாஸ் புயல். குமரிக்கும் அதற்கும் இடையே முழு வங்கக் கடல். ஆனால் வலுக்கும் புயல் நிலநடுக்கோட்டைத் தாண்டி வரும் தென்மேற்கு ஓட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும். அந்த ஓட்டம் அரபிக்கடலின் தென்கோடி வழியாக, குமரி முனையையும் இலங்கையையும் உரசிக்கொண்டுதான் வங்கக் கடலுக்குள் போகும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வலுத்தது. கடலில் வேகமாக வந்த ஈரக்காற்று நிலத்தின் உராய்விலும் மலையிலும் மட்டுப்பட்டு, பின்னால் வருவது முன்னால் நிற்பதன் மேல் ஏற, மழைக்கீற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தைக் கடந்தன. தென்கேரளத்திலும் அதே நாட்களில் கனமழை. இங்கே கிழக்குப் பக்கமும் தப்பவில்லை.

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை இன்னும் பிறக்கவில்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது ஜூன் 3இல்தான். பருவமழை அறிவிப்பு வராததால் பருவமழை போன்ற மழையும் வராது என்று நினைப்பது ஆண்டுதோறும் திரும்ப வரும் பிழை. அறிவிப்புக்கு மழை நிலையங்களின் எண்ணிக்கை, காற்றின் ஆழம், மேகத்தின் தடிப்பு என்று தனி நிபந்தனைகள் உண்டு. ஆற்றுக்கு அவை எதுவும் தெரியாது.

வெள்ளத்தைக் கூட்டியது இன்னொன்று. மே 26 பௌர்ணமி, முழுச் சந்திர கிரகணம் வேறு. நிலவு பூமிக்கு மிக அருகில் இருந்த நாள். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், பௌர்ணமி ஏற்றமும் தென்மேற்குக் காற்று தள்ளிய கடலும் சேர்ந்தால் பொழிமுகங்களில் ஆற்றுநீர் வெளியேறத் தயங்கும். தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், மணக்குடியில் பழையாறும் கடலில் சேர்கிற இடங்களுக்கு மேலே உள்ள ஊர்களில் மழை நின்ற பிறகும் தண்ணீர் வடியாததற்கு இது ஒரு காரணமாகும். முன்னோட்டத்தில் மழை அளவோடு அமாவாசை, பௌர்ணமி நாளையும் ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவில்லை.

அணைகளின் கணக்கையும் இங்கே சொல்லிவிடலாம். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணி 77, சிற்றாறு ஒன்றும் இரண்டும் தலா 18. கோடையின் முடிவில் இவை இறங்கிக் கிடக்கும் என்பது வழக்கம். ஆனால் மே நடுவில் டவ்தே ஏற்கெனவே நீர்மட்டத்தை ஏற்றி, மலை மண்ணையும் ஊறவைத்துவிட்டது. இரண்டாவது மழை விழுந்தபோது மண் குடிக்க இடமில்லை. 100 சதுர கிலோமீட்டர் மலையில் 10 சென்டிமீட்டர் பெய்தால் அது 1 கோடி கன மீட்டர், ஏறத்தாழ 350 மில்லியன் கன அடி. காய்ந்த மண்ணில் அதில் சிறு பங்கே ஆற்றுக்கு வரும். ஊறிய மண்ணில் பாதி வந்தாலும், ஒரு நாளுக்குச் சராசரியாக வினாடிக்கு 2,000 கன அடி. ஆகவே இரண்டாம் மழைக்கான முன்னோட்டம் முதல் மழையின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். கடந்த பத்து நாள் மழை, அணை மட்டம், முழு அளவுக்கு எத்தனை அடி மிச்சம் என்ற மூன்று எண்களும் மேல் வரியில் இருக்க வேண்டும்.

அந்த நாட்களில் கொரோனா ஊரடங்கும் இருந்தது. மே 24 முதல் தளர்வில்லாத முழு ஊரடங்கு. முகாமுக்குப் போவதே அச்சமாக இருந்த காலத்தில், எச்சரிக்கை ஆறு மணி நேரம் முன்னதாகக் கிடைத்தால் உறவினர் வீட்டுக்கு நகர்ந்துவிடலாம். ஒரு மணி நேரம் முன்பு கிடைத்தால் முகாம்தான் வழி.

சொற்களை எப்படிப் படிப்பது

வானிலைத் துறையின் தமிழ் அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் நிலையங்களில் கால் பங்கு வரை. 'ஒருசில' என்றால் பாதி வரை. 'அநேக' என்றால் முக்கால் வரை. 'பெரும்பாலான' என்றால் அதற்கும் மேல். கனமழை 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. மிகக் கனமழை 115.6இல், அதிகனமழை 204.5இல். 'குமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிகக் கனமழை' என்றால், இருபது மழைமானிகளில் ஐந்து வரை 11.5 சென்டிமீட்டரைத் தாண்டலாம் என்று பொருள். பெருஞ்சாணியும் பாலமோரும் அந்த ஐந்தில் இருந்தால் ஆற்றோரம் விழித்திருக்க வேண்டும். கொட்டாரமும் கன்னிமாரும் என்றால் குளங்களைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் கவனித்திருக்க, ஆரஞ்சு ஆயத்தமாக, சிவப்பு செயலில் இறங்க. நிறம் மழை அளவை மட்டும் சொல்வதில்லை, பாதிப்பையும் சேர்த்துச் சொல்கிறது.

பத்திரிகையில் காலையில் வரும் மழை அளவு முந்தைய நாள் காலை 8:30 முதல் அன்று காலை 8:30 வரையிலானது. 26ஆம் தேதி என்று அச்சான மழையில் பெரும்பகுதி 25ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது. நிகழ்வை ஆராய்கிறவர்கள் இந்த ஒரு நாள் நகர்வில் தடுக்கி விழுவது வழக்கம்.

உடனடிக் கணிப்புக்குத் திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள டாப்ளர் ரேடார் நல்ல துணை. நாகர்கோவில் அதிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். ரேடார் படத்தில் மழைக்கீற்று நகரும் திசையைவிட, அது பிறக்கும் இடம் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். குளச்சலுக்குத் தென்மேற்கே கடலில் ஒரே இடத்தில் புதுப் புது மேகம் முளைத்துக்கொண்டே இருந்தால், அங்கிருந்து காற்று போகும் பாதையில் இருக்கும் ஊருக்கு மழை விடாது.

தோட்டத்துக்கும் வயலுக்கும் உப்பளத்துக்கும்

ரப்பருக்கு மே குளிர் கெட்ட நேரத்தில் வருகிறது. பால்வெட்டு விடிகாலை வேலை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுச் சாலில் ஓடாமல் பட்டை மேல் பரவி வீணாகும், சிரட்டையில் மழைநீர் கலக்கும். பருவமழைக்கு முன் மழைத் தடுப்புப் பாலித்தீனைப் பட்டையில் ஒட்டி முடிக்க வேண்டும். அதன் பசை காய்ந்த பட்டையில்தான் பிடிக்கும். ஈரத்தில் ஒட்டியது முதல் காற்றிலேயே மேல் விளிம்பில் விலகி, உள்ளே தண்ணீர் வடிந்து, தடுப்பே நோய்க்கு இடமாகிவிடும். இலையுதிர் நோய்க்கான மருந்துத் தெளிப்பும் இதே இடைவெளியில்தான். ஒரு சத போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தத்தை 50 லிட்டரில் பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் நீற்றி வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். தேய்த்த இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். இலையில் உலரச் சில மணி நேரம் வெயில் வேண்டும். ஆகவே தோட்டக்காரருக்கு எத்தனை சென்டிமீட்டர் மழை என்பதைவிட, தொடர்ந்து ஆறு மணி நேரம் வறட்சியான இடைவெளி எப்போது கிடைக்கும் என்ற ஒரு வரிதான் பயன். டவ்தேக்கும் யாஸுக்கும் நடுவில் அப்படிப்பட்ட நாட்கள் கிடைத்திருக்கும். இரண்டையும் சேர்த்து 'தொடர் மழை' என்று எழுதினால் அந்த வாய்ப்பும் கையைவிட்டுப் போகும்.

கன்னிப்பூ எனப்படும் முதல் போக நெல்லைப் புழுதியில் விதைத்தவர்கள் வடிகாலைத் திறந்துவைக்க வேண்டும். முளைக்கும் முன் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் விதை அழுகும். குலை தள்ளிய வாழைக்கு ஊன்றுகோல் மேற்குக் காற்றைத் தாங்கும்படி கிழக்குப் பக்கத்தில் முட்டுக்கொடுக்க வேண்டும். புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களில் உப்புப் படிய உவர்நீர் 25 போமே அடர்த்தி எட்ட வேண்டும். மே மழை அந்த அடர்த்தியைக் கலைத்துவிடும். வாரிய உப்பைக் கரையேற்றிக் கீற்று வேய மாலையிலேயே சொல்லிவிட வேண்டும். இரவுப் பத்து மணி எச்சரிக்கை அங்கே உதவாது.

எழுதியிருக்கக்கூடிய முன்னோட்டம்

மே 24 மாலைக்கு இப்போது திரும்பிப்போய் எழுதினால் மாவட்ட முன்னோட்டம் இப்படி இருக்கலாம்:

"வங்கக் கடல் புயல் நம் மாவட்டத்துக்கு வராது. அது இழுக்கும் கச்சான் காற்று அடுத்த 48 மணி நேரம் இரவிலும் அடங்காது. மலையிலும் மேற்குத் தாலுகாக்களிலும் கனமழை முதல் மிகக் கனமழை. காற்று தெற்கே சாய்ந்தால் அகஸ்தீஸ்வரம், தோவாளையிலும் அதே அளவு. மண் ஏற்கெனவே ஊறியிருப்பதால் ஆறுகளில் தண்ணீர் சில மணி நேரத்திலேயே ஏறும். 26 பௌர்ணமி, பொழிமுகங்களில் வடிவது தாமதமாகும். பகல் வெப்பநிலை 28ஐத் தாண்டாது, இரவு குறையாது. குளச்சல் முதல் நீரோடி வரை நாட்டுப்படகுகள் கரையேறட்டும். மருந்தடிப்பையும் உரமிடுவதையும் 27க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்."

இதில் புயலின் வேகமும் அது கரைகடக்கும் இடமும் இல்லை. குமரியில் ஆற்றோரம் இருக்கிறவருக்கு அவை தேவைப்படவும் இல்லை.

கள்ளக்கடலை இதனோடு சேர்க்கக் கூடாது. அது தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் நீண்ட அலை. 15 விநாடிக்கு மேற்பட்ட இடைவெளியில், காற்றில்லாத தெளிந்த வானத்தின் கீழும் கரையேறும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரை எடுத்தது அப்படிப்பட்ட கடல். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் அதற்குத் தனியாக அறிவிப்பு வெளியிடுகிறது. மாவட்ட முன்னோட்டத்திலும் அது தனி வரியாக, மழை இருக்கிறதோ இல்லையோ, இடம்பெற வேண்டும்.

குளிர் விலகும் நாளையும் எழுத வேண்டும். மேகம் கலைந்ததும் பகல் வெப்பநிலை ஓரிரு நாளில் நான்கைந்து டிகிரி ஏறிவிடும். மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும்போது ஏறும் அந்த வெயில் வறண்ட 34ஐவிட உடம்பை வாட்டும். அதுவரை நனைந்து கிடந்த வேலைகளையெல்லாம் ஒரே நாளில் முடிக்க எல்லோரும் வெளியே இறங்குவதும் அன்றுதான். அந்த நாளுக்கு முற்பகல் பதினொன்று முதல் மூன்று வரை நிழலில் இருக்கச் சொல்லும் வரி, மழை நின்ற மாலையிலேயே போய்ச் சேர வேண்டும்.